சூரியன் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

நிலா ஏன் தேய்கிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படித்தவர்கள், பெரிய வேலையில் இருக்கிறவர்கள், ஏன், பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்தவர்கள்கூட ஒரு நொடி யோசித்துவிட்டு, "பூமியோட நிழல் அது மேல விழுது, அதனாலதான்" என்பார்கள். குரலில் துளி சந்தேகம் இருக்காது. கேட்கிறவருக்கும் அது சரியாகத்தான் படும், ஏனென்றால் நிழல், மறைப்பு, கிரகணம் எல்லாவற்றையும் எப்போதோ ஒரே பாடத்தில் படித்த மாதிரி ஒரு ஞாபகம் எல்லோருக்கும் இருக்கிறது.

இந்தப் பதிலைக் கவிழ்க்க டெலஸ்கோப் ஒன்றும் வேண்டாம். வளர்பிறை அஷ்டமி அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு, காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போகிற நேரத்தில், அண்ணாந்து பார்த்தால் போதும். சூரியன் மேற்கே இன்னும் நல்ல உயரத்தில் இருக்கும். கிழக்குப் பக்கம் திரும்பினால் வெளுத்துப்போன அரை நிலா, அதுவும் உயரத்தில். இரண்டும் ஒரே நேரத்தில் வானத்தில் இருக்கின்றன. பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் விழ முடியும், அதாவது அந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்துக்கும் கீழே, நம் காலுக்கு அடியில் எங்கேயோ நீண்டு கிடக்கிறது. அது எப்படி மேலே இருக்கிற நிலாவில் பாதியை மறைக்கும்?

இன்னொரு சாட்சியும் உண்டு. பூமி உருண்டை, அதனால் அதன் நிழலின் ஓரமும் வட்டமாகத்தான் இருக்கும். அந்த நிழல் நிலாவைக் கடித்தால், கடித்த இடம் உள்வாங்கித்தான் வளையும். கிரகணப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் வளர்பிறை ஏகாதசி, துவாதசி நாட்களில் நிலாவைப் பாருங்கள், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோடு வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். வட்டமான நிழல் எதுவும் அப்படி ஒரு வடிவத்தை உண்டாக்காது.

இவ்வளவு எளிதாக உடைகிற ஒரு கதை ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது? பாடப்புத்தகப் படம்தான் பெரிய குற்றவாளி என்பது என் கருத்து. ஒரு பக்கம் சூரியன், நடுவில் பூமி, பூமியை உரசுகிற மாதிரி எட்டு நிலாக்கள் வட்டமாக. இந்த நெருக்கத்தைப் பார்த்தால் யாருக்கும் நிழல்தான் ஞாபகம் வரும். நிஜத்தில் நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடுவில் முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம். அந்தத் தூரத்தில் பூமியின் முழு நிழல் சுமார் 9,000 கிலோமீட்டர் அகலம்தான். நிலா சுற்றும் பாதையோ ஐந்து டிகிரிக்குச் சற்று மேலே சாய்ந்திருப்பதால், அது நிழல் விழும் இடத்துக்கு 34,000 கிலோமீட்டர் வரை மேலேயோ கீழேயோ விலகிப் போகலாம். பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலைத் தொடாமலேயே தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் வராததற்கு இதுதான் காரணம்.

நிஜமான நிழலை 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுவதும் பார்க்க முடிந்தது. இரவு 11 மணிக்கு முழுதாக நிழலுக்குள் போன நிலா 82 நிமிடம் அங்கேயே செம்பு நிறத்தில் கிடந்தது. பூமியின் காற்று மண்டலம் வளைத்து அனுப்புகிற கொஞ்சம் சூரிய ஒளியில் நீலம் சிதறிப்போய், சிவப்பு மட்டும் நிலாவில் போய் விழுவதால் அந்த நிறம். உலகம் முழுக்க அந்த நேரத்தில் நடக்கிற எல்லா உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்த வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழல் தொட்டு, மூடி, விலக எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். நிழலின் வேலை இப்படித்தான் ஒரு ராத்திரிக்குள் முடியும். முழு நிலா தேய்ந்து அமாவாசையாக இரண்டு வாரம் ஆகிறதே, அது வேறு சமாச்சாரம்.

நடப்பது இவ்வளவுதான்: நிலாவில் சூரியனைப் பார்த்திருக்கிற பாதி எப்போதும் வெளிச்சமாக இருக்கிறது, கிரகணம் தவிர்த்து எல்லா நாளும், அமாவாசை அன்றும்கூட. அந்த வெளிச்சமான பாதியில் நம் பக்கம் திரும்பியிருப்பது எவ்வளவு என்பதுதான் நாளுக்கு நாள் மாறுகிறது.

இதைச் சொல்வது சுலபம், மனதில் படிய வைப்பதுதான் கஷ்டம். அக்கா மகள் எட்டாம் வகுப்பு. "டயக்ராம் வரைஞ்சு லேபிள் பண்ணிருவேன் மாமா, ஆனா என்னன்னு புரியல" என்றாள். நியாயமான புகார். அவளை ஒரு நாள் சாயங்காலம், பகல் நிலா தெரிகிற நாளாகப் பார்த்து, மாடிக்குக் கூட்டிப்போய்க் கையில் ஒரு வெள்ளைப் பந்தைக் கொடுத்தேன். கையை நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி பந்தைப் பிடிக்கச் சொன்னேன். வெயில் பந்தின் மேல் விழுகிறது. பந்தில் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று பார்த்தால், பக்கத்தில் இருக்கிற நிலாவில் தெரிகிற அதே வடிவம், அதே சாய்வு. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பந்துக்கும் நிலாவுக்கும் வெயில் ஒரே திசையிலிருந்து வருகிறது, நாம் இரண்டையும் ஒரே திசையில் பார்க்கிறோம், ஆகவே வடிவமும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். இதை நான் விளக்குவதற்குள் அவள் பந்தைச் சூரியன் பக்கம் நகர்த்திப் பிறையாக்கிவிட்டு, அப்புறம் எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ப் பௌர்ணமி செய்ய முயன்று, "மாமா, என் தலை நிழல் விழுது!" என்று கத்தினாள். அதுதான் கிரகணம், கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி என்றேன். உயர்த்தினாள், பௌர்ணமி வந்தது. ஐந்து டிகிரி சாய்வுக்கும் அதிலேயே பாடம் முடிந்துவிட்டது.

சரி, இப்போது சுவரில் தொங்குகிற காலண்டருக்கு வருவோம். சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு வருகிற, தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். அதில் திதி என்று ஒரு வரி இருக்கும். நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் பார்ப்பவர்கள் அந்த வரியையும் பார்ப்பார்கள், மற்றவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு நாள் நட்சத்திரம் பார்க்கிற பழக்கம் கிடையாது, ஆனால் அந்தத் தாளிலேயே எனக்கு மிகவும் உபயோகமான வரி அதுதான். ஏனென்றால் திதி என்பது ஒரு கோணம். வானத்தில் சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பன்னிரண்டு பன்னிரண்டு டிகிரியாகப் பிரித்திருக்கிறார்கள். அமாவாசை முடிகிற கணத்தில் இடைவெளி பூஜ்யம். அங்கிருந்து 12 டிகிரி வரை பிரதமை, 24 வரை துவிதியை, 36 வரை திருதியை, இப்படியே போய் 180 டிகிரியில் பௌர்ணமி முடிகிறது. அங்கிருந்து தேய்பிறைக்கு இன்னொரு பதினைந்து. மொத்தம் முப்பது திதி, 360 டிகிரி.

இந்தக் கோணம் தெரிந்துவிட்டால் நிலாவின் வடிவம் தானாகத் தெரிந்துவிடும். 90 டிகிரியில் சரி பாதி, அது அஷ்டமியின் நடுவில் வருகிறது. சஷ்டி தொடங்கும்போது 60 டிகிரி, நிலாவின் முகத்தில் கால் பங்கு வெளிச்சம். ஏகாதசி தொடங்கும்போது 120 டிகிரி, முக்கால் பங்கு. அதாவது நம் வீட்டில் கிழித்துக் குப்பையில் போடுகிற தாளில், அன்றைக்கு நிலா எப்படி இருக்கும் என்று எழுதியே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்தக் காலண்டரைக் காட்டி ஒரு வகுப்பு எடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை. ஒரு தரப்பு இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறது, இன்னொரு தரப்பு இதில் இருக்கிற வானியலை விட்டுவிட்டுப் பலனை மட்டும் படிக்கிறது. நடுவில் கணக்கு அநாதையாகக் கிடக்கிறது.

வடிவம் மட்டும் இல்லை, நேரமும் அதிலேயே இருக்கிறது. நிலா சூரியனிடமிருந்து ஒரு நாளைக்குச் சராசரியாகப் பன்னிரண்டு டிகிரி கிழக்கே நகர்வதால் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. அமாவாசை அன்று சூரியனோடு சேர்ந்து எழுந்து சூரியனோடு சேர்ந்து மறைகிறது, பகல் முழுக்க வானத்தில்தான் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. வளர்பிறை அரை நிலா நடுப்பகலில் உதித்து நள்ளிரவில் மறையும். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதால் இந்தப் பக்கம் சூரியன் இறங்கும்போது அந்தப் பக்கம் நிலா ஏறும். சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் கூட்டம் கூடுவது இதைப் பார்க்கத்தான். கன்னியாகுமரி போக முடியாதவர்கள் எந்தப் பௌர்ணமியிலும் சொந்த மொட்டை மாடியில் நின்று மேற்கையும் கிழக்கையும் மாறி மாறிப் பார்த்தால் சில நிமிட வித்தியாசத்தில் இதே காட்சிதான், கடல் மட்டும் இருக்காது. தேய்பிறை அரை நிலா நள்ளிரவில் எழுகிறது, அதனால்தான் அதை மாலையில் யாரும் பார்த்ததே இல்லை. காலை நடைக்குப் போகிறவர்களுக்கு அது பழக்கம், எட்டு மணி வரைகூட மேற்கு வானத்தில் வெளுத்துத் தெரியும்.

அம்மா சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர். நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. "இன்னைக்கு எத்தனை மணிக்குப்பா தெரியும்?" என்று என்னிடம் கேட்பார். தேய்பிறை சதுர்த்தி என்றால் பௌர்ணமிப் புள்ளியைத் தாண்டி 36 முதல் 48 டிகிரி. பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று போட்டால், சூரியன் மறைந்து இரண்டரை முதல் மூன்றே கால் மணி நேரம் கழித்து நிலா எழும். எட்டரைக்கு மேல் ஒன்பதரைக்குள் என்று சொன்னால் அநேகமாகச் சரியாக இருக்கும், மேகமும் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கும் மனசு வைத்தால்.

திதி ஏன் சில நாள் சீக்கிரம் முடிகிறது, சில நாள் இழுக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிலாவின் பாதை நீள்வட்டம். பூமிக்குக் கிட்டத்தில் வரும்போது வேகமாக ஓடும், தள்ளிப் போகும்போது மெதுவாக நகரும். அதனால் பன்னிரண்டு டிகிரியைக் கடக்க ஒரு சமயம் சுமார் 19 மணி நேரம் ஆகும், இன்னொரு சமயம் 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலண்டரில் ஒரே திதி இரண்டு நாள் காலையிலும் வந்து நிற்பதும், ஒரு திதி எந்தக் காலையிலும் வராமல் காணாமல் போவதும் பெரும்பாலும் இந்த வேக மாற்றத்தால்தான். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு 29.53 நாள், ஆனால் நிலா ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்கு வர 27.32 நாள்தான். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், மறுபடி சூரியனோடு சேர நிலா இன்னும் இரண்டு நாள் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது.

நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் தன் அகலம் அளவுக்கு நகரும். பக்கத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் இருக்கிற நாளாகப் பார்த்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, சாப்பிட்டு முடித்து ஒரு தடவை பார்த்தால் இடைவெளி மாறியிருப்பது தெரியும்.

கார்த்திகைப் பௌர்ணமி நிலா கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில் இருக்கும். அந்த ராத்திரி திருவண்ணாமலையில் நள்ளிரவில் அண்ணாந்து பார்த்தால் நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், லேசாக வடக்கே தள்ளி. அதே ஊரில் ஆனி மாதப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள் பார்த்தால் நிலா தெற்கே தாழ்ந்து கிடக்கும். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால், ஆறு மாதம் கழித்துச் சூரியன் எந்த உயரத்தில் போகுமோ ஏறக்குறைய அந்தப் பாதையில் இப்போது நிலா போகிறது. மார்கழிச் சூரியன் தெற்கே இருக்கும்போது மார்கழி நிலா வடக்கே.

இந்த வளர்பிறை தேய்பிறையை நிலாவில் நின்று யோசித்துப் பார்த்தால் அது வேறு ஒன்றுமில்லை, அங்கே பொழுது விடிவதும் சாய்வதும்தான். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே நாம் பார்க்கிற கோடு வளர்பிறையில் சூரிய உதயம், தேய்பிறையில் அஸ்தமனம். ஒரு பகல் நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள். சந்திரயான்-3 இதற்கு நல்ல உதாரணம். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு விக்ரம் தரையிறங்கியபோது நாம் எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம் இல்லாத ஊர்களில் வெளியே வந்து தெற்கு வானத்தைப் பார்த்திருந்தால் நிலாவையே பார்த்திருக்கலாம், பாதிக்குச் சற்றுக் குறைவாக, வளர்பிறை சப்தமி. அந்தத் தேதியை இஷ்டத்துக்கு வைக்கவில்லை. லேண்டரும் ரோவரும் சூரிய மின்சாரத்தில் ஓடுபவை. இறங்கும் இடத்தில் அப்போதுதான், ஓரிரு நாளுக்கு முன், பொழுது விடிந்திருந்தது. முழுப் பகலும் வேலை செய்யக் கிடைக்க வேண்டும் என்றால் காலையில் போய் இறங்க வேண்டும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று ஊரே கொண்டாடியது, சரிதான், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த நாளைத் தீர்மானித்தது பிறைக் கணக்கு என்பதையும் யாராவது டிவியில் சொல்லியிருக்கலாம். அங்கே பொழுது சாயும் நேரத்தில், செப்டம்பர் 2 அன்று பிரக்யானையும் 4 அன்று விக்ரமையும் தூங்க வைத்தார்கள். இங்கே அது தேய்பிறை பஞ்சமி வாக்கில். மறுபடி விடிந்தபோது எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. அந்த இருட்டின் குளிர் அப்படி.

இன்னொரு விஷயம் பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். அரை நிலாவின் வெளிச்சம் முழு நிலாவில் பாதி இல்லை, பத்தில் ஒரு பங்கு அளவுதான். அரை நிலாவில் வெயில் நமக்குப் பக்கவாட்டில் இருந்து சாய்ந்து விழுகிறது, ஒவ்வொரு மேட்டுக்கும் கல்லுக்கும் பின்னால் நிழல் கிடக்கிறது, அந்த நிழல்கள் எல்லாம் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. பௌர்ணமியில் சூரியன் நமக்கு முதுகுப் பக்கம் இருப்பதால் அங்கே இருக்கிற ஒவ்வொரு பொருளும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்கிறது. நிலாவின் தரை முழுக்கப் பொடி, அந்தப் பொடியின் துகள்கூட அப்படித்தான். ஆகவே வெளிச்சம் திடீரென்று எகிறுகிறது.

அதனாலேயே டெலஸ்கோப்போ நல்ல பைனாகுலரோ வைத்திருப்பவர்களுக்குப் பௌர்ணமி நாள் வீண். கண் கூசும், தரை தட்டையாகத் தெரியும். பஞ்சமியிலிருந்து தசமி வரை பாருங்கள், அந்த உதயக் கோட்டை ஒட்டிப் பாருங்கள். பள்ளங்களின் விளிம்பு ஒரு பக்கம் வெயிலில் பளிச்சென்றும், அடியில் மைக் கருப்பாகவும் இருக்கும். கோட்டைத் தாண்டி இருட்டுக்குள் தனித்தனியாகச் சில வெளிச்சப் புள்ளிகள் தெரியும், அவை மலை உச்சிகள். கீழே தரையில் இன்னும் விடியவில்லை, உச்சிக்கு மட்டும் வெயில் வந்துவிட்டது. 1609-இல் கலிலியோ பார்த்து வரைந்தது இதைத்தான், நிலா வழுவழுப்பான உருண்டை என்கிற நம்பிக்கை அதில்தான் ஆட்டம் கண்டது. நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை, சூரிய ஒளியில்தான் தெரிகிறது என்பதை ஆரியபடர் கி.பி. 499-லேயே எழுதிவிட்டார், கிரகணம் நிழலால் வருகிறது என்பதையும் சேர்த்து. ஒன்று வேறு, மற்றது வேறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம்மில் பலருக்குத்தான் இன்னும் குழப்பம்.

மெல்லிய பிறை நாட்களில் மிச்ச நிலாவும் மங்கலாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். பிறைக்குள் ஒரு சாம்பல் நிற உருண்டை இருக்கிற மாதிரி. அது நம் வெளிச்சம். நிலாவில் இருந்து பார்த்தால் பூமிக்கும் பிறை உண்டு, நமக்கு நேர் எதிராக. நமக்கு அமாவாசை என்றால் அங்கே முழு பூமி. அங்கே பூமி நம் நிலாவைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அகலமாகத் தெரியும், மேகங்களாலும் பனியாலும் நன்றாகப் பிரதிபலிக்கும். சூரிய ஒளி பூமியில் பட்டு, நிலாவுக்குப் போய், அங்கே இருட்டுப் பக்கத்தில் பட்டு, மறுபடி நம் கண்ணுக்கு வருகிறது. இந்த விளக்கத்தை லியனார்டோ டாவின்சி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். விநாயகர் சதுர்த்தி அன்று நிலாவைப் பார்த்தால் வீண்பழி வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தச் சதுர்த்திப் பிறையில்தான் இந்த மங்கல் வெளிச்சம் நன்றாகத் தெரியும் என்பது என் வருத்தம். நான் பார்த்துவிடுகிறேன். பழி எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதே காரணத்தால் எரிச்சல் தருகிற ஒரு விஷயம், பிறையின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரத்தை வைத்து வரைகிற சுவர்ப் படங்கள். அந்த இடத்தில் நிலாவின் இருட்டுப் பக்கம் கல்லும் மண்ணுமாக நிற்கிறது, அதை ஊடுருவி எந்த நட்சத்திரமும் தெரியாது.

படம் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. பிள்ளைகளின் புத்தகங்களில் பிறை எப்போதும் நிமிர்ந்து, பக்கவாட்டில் முதுகு வளைந்து நிற்கும். நம் ஊரில் மாலைப் பிறையை உண்மையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தோணி மாதிரி மல்லாந்துதான் மிதக்கும், மாசி, பங்குனி மாதங்களில் முக்கியமாக. புரட்டாசி வாக்கில் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். பிறையின் முதுகு எப்போதும் சூரியன் இருக்கிற பக்கம் பார்த்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிற நமக்குச் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக அடிவானத்துக்குள் இறங்குகிறது, ஆகவே மாலையில் அது பிறைக்கு நேர் கீழே இருக்கும். லண்டனில் சூரியன் சரிந்து சரிந்து பக்கவாட்டில் இறங்கும், பிறையும் அதற்கேற்ப நிமிர்ந்து நிற்கும். அங்கே இருக்கிற பெரியம்மா பையன் ஒரு தடவை பிறையைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணே, இங்க நிலா எந்திரிச்சு நிக்குது" என்று எழுதியிருந்தான். சிட்னியில் இருப்பவர்களுக்கு இடமும் வலமும் மாறிவிடும். நமக்கு வடக்கே இருப்பவர்களுக்கு வலது பக்கத்திலிருந்து வளர்கிற நிலா அவர்களுக்கு இடது பக்கத்திலிருந்து வளரும். லண்டன்காரர்கள் அவர்கள் கண்டதை அவர்கள் புத்தகத்தில் வரைந்தார்கள், அதில் தப்பில்லை. நாம் நம் வானத்தைப் பார்க்காமல் அதை அப்படியே நகல் எடுத்ததுதான் தப்பு.

நிலா பெரிதாகத் தெரிவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அடிவானத்தில் பூதாகாரமாகத் தெரிகிற நிலா மேலே ஏறியதும் சுருங்கிவிடுகிறதே, அது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை. போனில் இரண்டு நேரமும் ஒரே ஜூமில் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவு மாறியிருக்காது. சொல்லப்போனால் தலைக்கு மேல் இருக்கும் நிலாதான் சுமார் 6,400 கிலோமீட்டர், அதாவது பூமியின் ஆரம் அளவுக்கு, நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அடிவானத்தில் ஆரஞ்சாகத் தெரிவதற்கு மட்டும் நிஜமான காரணம் உண்டு. அந்த வெளிச்சம் உச்சியில் இருந்து வருவதைவிடச் சுமார் 40 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது, வழியில் நீலம் சிதறிவிடுகிறது.

சூப்பர் மூன் என்று வருஷத்துக்குச் சில தடவை வாட்ஸ்அப்பில் அமர்க்களப்படும். அந்தப் பெயரை வைத்தது வானியல்காரர் இல்லை, ரிச்சர்ட் நோல் என்கிற அமெரிக்க ஜோதிடர், 1979-இல். நிலாவின் தூரம் ஏறக்குறைய 3,57,000 கிலோமீட்டருக்கும் 4,06,000 கிலோமீட்டருக்கும் நடுவே ஊசலாடுகிறது. மிகக் கிட்டத்தில் வரும் பௌர்ணமி, மிகத் தள்ளிப்போன பௌர்ணமியைவிட 14 சதவீதம் அகலமாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும், ஆனால் வானத்தில் அப்படி வைத்துக் காட்ட யாரும் இல்லை. போன மாதத்து நிலாவோடு ஒப்பிட்டு "எவ்ளோ பெருசு பாரு" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான், அப்படி ஒரு ஞாபக சக்தி.

எவ்வளவு மாறினாலும் நிலாவின் முகத்தில் இருக்கிற கறை மட்டும் மாறுவதில்லை. வடை சுடுகிற பாட்டியோ முயலோ, அவரவர் பாட்டி சொன்னபடி. அந்தக் கருந்திட்டுகள் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி இறுகிய சமவெளிகள். நிலா பூமியை ஒரு முறை சுற்றுகிற அதே நேரத்தில் தன்னையும் ஒரு முறை சுற்றிக்கொள்வதால் ஒரே முகம்தான் நம் பக்கம். மறுபக்கத்தை 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் மனிதர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். அங்கே இந்த மாதிரி கருந்திட்டுகள் மிகக் குறைவு, பாட்டியும் இல்லை, முயலும் இல்லை.

ஆனால் பாட்டி அசையாமல் உட்கார்ந்திருப்பதாகவும் நினைக்க வேண்டாம். நம் ஊரில் நிலா கிழக்கே எழுந்து கிட்டத்தட்ட தலைக்கு மேலாகப் போய் மேற்கே இறங்குவதால், எழும்போது மேலே இருந்த ஓரம் மறையும்போது கீழே வந்துவிடும். மாலையில் பார்த்த பாட்டி விடியற்காலையில் ஏறக்குறைய தலைகீழாக இருப்பாள். இதற்கு நல்ல அடையாளம், ஓரமாகத் தனியாக ஒதுங்கி நிற்கிற ஒரு நீள்வட்டக் கருந்திட்டு. மற்ற திட்டுகளோடு ஒட்டாமல் இருப்பதால் வெறும் கண்ணிலேயே பிடித்துவிடலாம். பௌர்ணமி நிலா எழும்போது அது உச்சியில் இருக்கும், மறையும்போது அடியில்.

அந்தத் திட்டுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். நிலா தன்னைச் சுற்றுவது ஒரே சீரான வேகத்தில், பூமியைச் சுற்றுவதோ கூடிக் குறைகிற வேகத்தில். இரண்டும் சில நாள் முன்னே பின்னே ஆகும்போது நிலா நம்மைப் பார்த்து லேசாகத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், எட்டு டிகிரி அளவுக்கு. பாதையின் சாய்வால் மேலும் கீழும்கூட ஆட்டும். இந்த ஆட்டத்தால் மொத்தத்தில் பாதிக்குப் பதில் 59 சதவீத நிலாவை நாம் பார்க்க முடிகிறது. அந்தக் கருந்திட்டுக்கும் நிலாவின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை இருக்கிறது என்று ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு தாளில் வரைந்து தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், காலண்டர் தாளின் பின்பக்கமே போதும். சில மாதங்கள் வரைந்தால், ஒரு படத்தில் திட்டு ஓரத்தை இடிக்கிற மாதிரி போயிருக்கும், இன்னொன்றில் நன்றாக உள்ளே தள்ளி வந்திருக்கும்.